வாசகர் கேள்வி பதில்: ஸ்பாம் ஃபோல்டருக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்

சென்ற இதழில் இந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி போட்டிருந்தேன்: வேண்டாத மெயிலைத் தடுக்க என்ன வைத்திருக்கிறீர்கள், அது ஒழுங்காக வேலை செய்கிறதா, எழுதுங்கள். எழுதிவிட்டீர்கள், அதுவும் பக்கம் பக்கமாக. அதில் 11 கடிதங்கள் என் ஸ்பாம் ஃபோல்டரிலேயே கிடந்தன. 'லாட்டரி', 'பணம்', 'ஹேக்' என்று தலைப்பிலேயே எழுதி அனுப்பினால் அதுவும் பாவம் என்ன செய்யும். எரிதம் என்று தமிழில் ஒரு நல்ல சொல் உண்டு, எரிச்சலும் அதற்குள்ளேயே இருக்கிறது, ஆனாலும் வந்த கடிதங்களில் ஒருவர்கூட அப்படி எழுதவில்லை, அதனால் நானும் ஸ்பாம் என்றே எழுதுகிறேன். பெயர்களை இந்த முறை விட்டுவிட்டேன். முகவரியை நாலு பேர் பார்க்கும் இடத்தில் போட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றித்தான் பாதிக் கடிதங்கள் பேசுகின்றன.

கேள்வி: தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராமில் குப்பை மெயில் வடிகட்டியைப் போட்டு ஏழெட்டு மாதம் ஆகிறது. ஆரம்பத்தில் நன்றாகப் பிடித்தது. இப்போது என் அக்கா அனுப்பும் மெயிலையும் குப்பை என்கிறது, லாட்டரி மெயிலை உள்ளே விடுகிறது. நாளாக நாளாகக் கற்றுக்கொள்ளும் என்றார்களே, இது மறந்துகொண்டே போகிறதே?

பதில்: மறக்கவில்லை, நீங்கள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கிறது. "குப்பை என்று தெரிந்தால் பட்டனை அழுத்துவேன், மற்றபடி ஒன்றும் செய்வதில்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான்.

இந்த வகை வடிகட்டி ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு எண்ணிக்கை வைத்திருக்கும். குப்பை மெயில்களில் இத்தனை முறை வந்தது, நல்ல மெயில்களில் இத்தனை முறை வந்தது, அவ்வளவுதான். 1998-லேயே ஆராய்ச்சியாளர்கள் இதைச் செய்து பார்த்திருந்தாலும், 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் என்ற நிரலாளர் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகுதான் ஊரெல்லாம் இந்த முறை பரவியது. அவர் குப்பையில் சுமார் 4000, நல்லதில் சுமார் 4000 மெயில் எடுத்துக்கொண்டார். புதிதாக ஒரு மெயில் வந்தால் அதில் எந்தப் பக்கமாவது பலமாகச் சாயும் 15 சொற்களை மட்டும் பொறுக்கி, அவற்றை வைத்துத் தீர்ப்பு. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், பளிச்சென்ற சிவப்பு எழுத்துக்கான நிறக் குறியீடு எந்த ஆபாசச் சொல்லுக்கும் குறையாத குப்பை அடையாளமாக அவருக்குக் கிடைத்தது. மனிதன் உட்கார்ந்து விதி எழுதினால் அது தோன்றியிருக்காது. இன்னொன்றும் செய்தார், நல்ல மெயிலில் ஒரு சொல் வந்தால் அதை இரண்டாக எண்ணினார். ஒரு குப்பை உள்ளே வந்தால் அழித்துவிட்டுப் போகலாம், ஒரு நல்ல கடிதம் காணாமல் போனால் போனதுதான் என்பதற்காக.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். ஏழு மாதத்தில் 400 மெயிலைக் குப்பை என்று குறித்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நல்லது என்று குறித்தது? பத்து இருக்குமா? 'வணக்கம்' என்ற சொல் அந்த 400-இல் 40 இடத்தில் இருக்கிறது, லாட்டரிக்காரர்கள் மரியாதைக்காரர்கள். அந்த பத்து நல்ல மெயிலில் ஓர் இடத்திலும் இல்லை. ஆக வடிகட்டியைப் பொறுத்தவரை வணக்கம் சொல்பவன் திருடன். உங்கள் அக்கா ஒருநாள் வணக்கம் போட்டு, வங்கி வேலை ஒன்றைப் பற்றி எழுதி, கூடவே ஒரு இணைப்பையும் அனுப்பியிருப்பார், முடிந்தது கதை. ஸ்பாம் அசாஸின் என்று சர்வரில் ஓடும் மென்பொருள் ஒன்று உண்டு, அதன் கற்கும் பகுதி குப்பையில் 200, நல்லதில் 200 பார்க்கும்வரை வாயே திறக்காது. அந்த அடக்கம் உங்கள் தண்டர்பேர்டுக்குக் கிடையாது.

என்ன செய்யலாம் என்றால், அமைப்புகளில் குப்பை மெயில் பகுதிக்குப் போய்ப் பயிற்சித் தரவை மொத்தமாக அழித்துவிடுங்கள். ஏழு மாத உழைப்பு போகிறதே என்று யோசிக்காதீர்கள், அது கோணலான உழைப்பு. அப்புறம் இன்பாக்ஸில் உங்களுக்கு வேண்டியவர்களின் மெயில் ஒரு இருநூறைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்டோடு ஜே விசையை அழுத்துங்கள், எல்லாம் ஒரே தட்டில் 'குப்பை இல்லை' என்று பதிவாகும். வெறும் ஜே அழுத்தினால் குப்பை. விரல் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒருமுறை தவறி முழு இன்பாக்ஸும் குப்பையானது. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறையாவது நல்ல மெயில் பக்கமும் விரல் போகட்டும்.

முகவரிப் புத்தகத்தில் இருப்பவர்களைக் குப்பை என்று குறிக்காதே என்று ஒரு வசதி கணக்கு அமைப்புகளில் இருக்கும். அதைப் போட்டுக்கொள்ளுங்கள், அக்கா பிரச்சினை அதிலேயே பாதி தீரும். ஆனால் உங்கள் சொந்த முகவரி அந்தப் புத்தகத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஏன் என்பது அடுத்த கேள்வியில் வருகிறது.

கேள்வி: எனக்கு நானே மெயில் அனுப்பியிருக்கிறேன்! அனுப்பியவர் இடத்தில் என் முகவரி. உள்ளே, உன் கேமராவை ஹேக் செய்துவிட்டேன், பிட்காயின் அனுப்பு என்று இருக்கிறது. பல வருடத்துக்கு முன் நான் வைத்திருந்த பாஸ்வேர்டையும் சரியாக எழுதியிருக்கிறான். ஸ்பாம் ஃபில்டர் இதை எப்படி விட்டது? இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

பதில்: முதலில் தூங்குங்கள். உங்கள் கேமராவை யாரும் பார்க்கவில்லை. எப்போதோ நீங்கள் கணக்கு வைத்திருந்த ஏதோ ஒரு தளத்திலிருந்து முகவரியும் பாஸ்வேர்டும் கொத்தாகத் திருடு போயிருக்கும், அந்தப் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் இதே கடிதத்தை அனுப்புகிறார்கள். 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளத்தில் முகவரியைக் கொடுத்தால் எந்தத் திருட்டில் சிக்கியது என்று சொல்லும், 2013-லிருந்து நடக்கிறது. அந்தப் பழைய பாஸ்வேர்ட் இன்னும் எங்காவது உயிரோடு இருந்தால் உடனே மாற்றுங்கள். பதில் எழுதாதீர்கள், திட்டிக்கூட எழுதாதீர்கள்.

அனுப்பியவர் இடத்தில் உங்கள் முகவரி எப்படி வந்தது? தபால் உறையின் மூலையில் 'அனுப்புநர்' என்று நீங்கள் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், தபால்காரர் கேட்க மாட்டார். மெயிலும் பிறந்தது அப்படித்தான். அந்த ஓட்டையை அடைக்கத்தான் பிற்பாடு மூன்று ஏற்பாடுகள் வந்தன. எஸ்பிஎஃப் என்பது இந்த டொமைனின் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) மெயில் இன்னின்ன சர்வரிலிருந்துதான் வரும் என்ற பட்டியல். டிகேஐஎம் என்பது மெயிலின் மேல் போடும் மின்கையெழுத்து. டிமார்க் என்பது, இவை இரண்டில் ஒன்றுகூட அனுப்புநர் இடத்தில் தெரியும் பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்யலாம் என்று டொமைன்காரர் எழுதிவைக்கும் அறிவிப்பு. ஜிமெயிலில் மெயிலைத் திறந்து மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்தினால் மேலே மூன்றும் பாஸா ஃபெயிலா என்று தெரியும். உங்களுக்கு வந்ததில் ஃபெயில் என்றுதான் இருக்கும், பந்தயம்.

அப்படியிருந்தும் உள்ளே வந்ததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். உங்கள் டொமைனில் டிமார்க் அறிவிப்பே இல்லாமல் இருக்கலாம், அல்லது மேலே சொன்னேனே, நம்பகமானவர்கள் பட்டியலில் உங்களையே நீங்கள் சேர்த்து வைத்திருக்கலாம். சொந்த அலுவலக டொமைனை அப்படியே மொத்தமாக அந்தப் பட்டியலில் போட்டு வைத்திருப்பவர்கள் நிறைய, அது கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு வருவது மாதிரி.

கேள்வி: நான் ஒரு மொழிபெயர்ப்பாளர். வேலை கொடுப்பவர் அனுப்பிய மெயில் ஸ்பாமுக்குப் போயிருக்கிறது. அவர் ஐந்து வாரம் கழித்து வேறு வழியில் கேட்டபோதுதான் தெரிந்தது, போய்ப் பார்த்தால் அங்கேயும் இல்லை. எங்கே போனது?

பதில்: ஜிமெயில் என்றால் ஸ்பாமில் விழுந்தது 30 நாளில் தானாக அழிந்துவிடும். ஐந்து வாரம் என்பது 35 நாள். அவரையே மறுபடி அனுப்பச் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை.

எனக்கும் நடந்தது. ஒரு பத்திரிகையிலிருந்து, கட்டுரையில் ஒரு தேதி தவறாக இருக்கிறது, அச்சுக்குப் போவதற்கு முன் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். நான் பார்த்தது அச்சான பிறகு. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு ஸ்பாம் ஃபோல்டரை ஒருமுறை மேலிருந்து கீழே ஓட்டிவிட்டுத்தான் படுக்கப் போவது, இரண்டு நிமிடம். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், அனுப்பியவர் பெயர்களை மட்டும் பார்த்தால் போதும், தெரிந்த பெயர் கண்ணில் குத்தும். குத்தினால் வெறுமனே திறந்து படித்துவிட்டு விடாதீர்கள், 'ஸ்பாம் இல்லை' என்ற பட்டனை அழுத்தி வெளியே எடுங்கள், முடிந்தால் ஒரு பதிலும் எழுதிவிடுங்கள். நீங்கள் மனதில் நினைத்தது வடிகட்டிக்குத் தெரியாது, பட்டனில் செய்ததுதான் தெரியும்.

எத்தனை குப்பையைப் பிடிக்கிறது என்று விளம்பரத்தில் போடுவார்கள், நல்லதில் எத்தனையைத் தின்கிறது என்று போட மாட்டார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் உண்மையாகவே நஷ்டப்பட்டவர்கள் எழுதியது முழுக்க இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

கேள்வி: வெப்மெயிலில் போய்ப் பார்த்தால் ஸ்பாமில் நல்ல மெயில்கள் கிடக்கின்றன, என் கம்ப்யூட்டரில் உள்ள மெயில் புரோகிராமில் அந்த ஃபோல்டரே தெரியவில்லை. புரோகிராம் கெட்டுவிட்டதா?

பதில்: மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கும் பாப் என்ற முறையில் இணைத்திருப்பீர்கள். பாப் இன்பாக்ஸை மட்டும்தான் இறக்கும், சர்வரில் உள்ள மற்ற ஃபோல்டர் அதற்குத் தெரியவே தெரியாது. சர்வரில் இருப்பதை அப்படியே காட்டும் ஐமேப் முறைக்கு மாற்றுங்கள், எல்லாம் தெரியும்.

கேள்வி: தமிழில் எழுதும் மெயில்கள்தான் அதிகமாக மாட்டிக்கொள்கின்றன என்பது என் அனுபவம். நண்பர்கள் சிலரும் இதையே சொல்கிறார்கள். ஃபில்டருக்குத் தமிழ் மேல் என்ன கோபம்?

பதில்: கோபம் இல்லை, பழக்கம் இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், நம் சொந்த விவகாரம்.

சொல் எண்ணும் வடிகட்டியைப் பற்றி மேலே சொன்னேன். ஆங்கிலத்தில் 'மணி' என்றால் பணம், அது வாக்கியத்தில் எங்கே வந்தாலும் அதே 'மணி'தான். ஆயிரம் மெயிலில் ஆயிரம் முறை ஒரே கணக்கில் ஏறும். தமிழில்? பணம், பணத்தை, பணத்துக்கு, பணத்தால், பணத்தில், பணத்தோடு, பணமும், பணமா, பணந்தான். நமக்கு ஒரே சொல், வடிகட்டிக்கு ஒன்பது அந்நியர்கள். இடைவெளி வரை ஒரு சொல் என்று வெட்டி எண்ணும் எளிய வடிகட்டி, 'பணத்தை' குப்பை என்று கற்றுக்கொண்ட பிறகும் 'பணத்துக்கு' என்பதை முதல்முறை பார்ப்பது மாதிரியே பார்க்கும். வினைச்சொல்லில் இன்னும் மோசம், அனுப்பினேன், அனுப்பியிருந்தீர்கள், அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள், விட்டால் எண்ணிக்கொண்டே போகலாம். ஆக உங்கள் தமிழ் மெயிலில் உள்ள சொற்களில் பெரும்பாலானவை அதற்குத் தெரியாத சொற்கள். தெரியாததற்கு மதிப்பு போட முடியாது, அப்போது மீதி இருக்கும் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துச் சமாச்சாரங்கள், ஒரு இணைப்பு, ஒரு நிறம், அனுப்பிய சர்வரின் பெயர், இவை மட்டுமே தீர்ப்புச் சொல்லும். சாட்சிகள் எல்லோரும் தமிழில் பேசுகிறார்கள், நீதிபதிக்குத் தமிழ் தெரியாது.

இதற்கு மருந்தும் அதே பயிற்சிதான், மற்றவர்களைவிட நாம் கொஞ்சம் அதிகமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நூறு தமிழ் மெயிலை நல்லது என்று காட்டினால் ஆங்கில மெயில் நூறுக்குச் சமம் ஆகாது.

சொல் பட்டியல் வைத்துத் தடுப்பது இதைவிட அசட்டுத்தனம். இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருப்பதால் 1996-இல் அந்த ஊர்க்காரர்களால் ஏஓஎல் என்ற இணையச் சேவையில் கணக்கே தொடங்க முடியவில்லை. ஊர்ப் பெயருக்கே இந்தக் கதி. 'ஸ்பெஷலிஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் வயிற்றுக்குள்ளும் ஒரு மாத்திரையின் பெயர் இருக்கிறது, அந்த மாத்திரை மெயில்கள் பறந்த காலத்தில் சிறப்பு மருத்துவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்.

விதிக்குப் புள்ளி போடும் முறை கொஞ்சம் பரவாயில்லை. ஸ்பாம் அசாஸின் அப்படித்தான், ஒவ்வொரு குற்றத்துக்கும் சில புள்ளி, மொத்தம் 5 ஆனால் ஸ்பாம். அதிலும் ஒரு கூத்து நடந்தது. தேதி வெகு தூர எதிர்காலத்தில் இருந்தால் சந்தேகப்படு என்று யாரோ ஒரு விதி எழுதி, 2010-லிருந்து எல்லாமே வெகு தூரம் என்று வைத்துவிட்டார்கள். எழுதியபோது தூரமாகத்தான் இருந்திருக்கும். 2010 ஜனவரி 1 விடிந்தது, அந்த விதி இருந்த சர்வர்களில் அன்று அனுப்பிய ஒழுங்கான மெயில்களுக்கெல்லாம் பல இடங்களில் 3 புள்ளிக்கு மேல் தலையில் ஏறியது. இன்னும் கொஞ்சம் சறுக்கினால் ஸ்பாம். அதனால் உங்கள் மெயில் மாட்டினால் தமிழ் என்பதால்தான் என்று உடனே முடிவு கட்டாதீர்கள், சர்வர் அந்த மென்பொருளை ஓட்டுகிறது என்றால் மெயிலோடு மறைந்து வரும் ஹெடர் வரிகளில் எந்த விதிக்காகப் பிடித்தது என்று பெயரோடு எழுதியிருக்கும். எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் ஒரு சிறிய வாசகர் குழு, 600 பேருக்கு மாதம் ஒரு மடல் அனுப்புகிறோம். எல்லோரும் கேட்டுச் சேர்ந்தவர்கள். ஆனாலும் ஸ்பாமுக்குப் போகிறது. நாங்கள் எதையும் விற்கவில்லையே?

பதில்: விற்கிறீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை, பெறுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புகிறவர்களுக்குக் கறாரான விதிகள் வைத்திருக்கின்றன. ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5000 மெயிலுக்கு மேல் அனுப்பினால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் வேண்டும், விளம்பர மடல் என்றால் ஒரே அழுத்தில் விலகும் வசதியும் வேண்டும். நீங்கள் அவ்வளவு பெரிய ஆள் இல்லைதான், ஆனால் ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்பது சின்னவர் பெரியவர் எல்லோருக்கும்தான். கணக்குப் போடுங்கள், 600-இல் 0.3 சதவீதம் என்றால் 1.8. இரண்டே இரண்டு பேர் ஸ்பாம் பட்டனை அழுத்தினால் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள்.

அந்த இரண்டு பேர் கெட்டவர்களும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் ஆசையாகச் சேர்ந்திருப்பார்கள், இப்போது படிக்க நேரமில்லை, விலகும் இணைப்பு எங்கே என்று தேடினால் அடியில் சாம்பல் நிறத்தில் எறும்பு மாதிரி இருக்கிறது, மேலே பெரிதாக ஸ்பாம் பட்டன் இருக்கிறது. எதை அழுத்துவார்கள்? விலகும் இணைப்பை மடலின் உச்சியில் போடுங்கள். ஒரு வருடமாகத் திறந்தே பார்க்காதவர்களை நீங்களே எடுத்துவிடுங்கள், 600 என்ற எண்ணிக்கை 380 ஆனால் ஆகட்டும். சொந்த டொமைன் இருந்தால் அந்த மூன்று ஏற்பாட்டையும் செய்துவிடுங்கள், டொமைன் வாங்கிய இடத்திலேயே செய்துகொடுப்பார்கள். சாதாரண மெயில் கணக்கில் பிசிசியில் (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் நகல் அனுப்பும் இடம்) 600 பேரைப் போட்டு அனுப்புவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: கேட்டு வாங்கிய மடல் அலுத்துவிட்டது என்பதற்காக ஸ்பாம் என்று அழுத்தாதீர்கள். அனுப்புகிறவர் பாவம் என்பது ஒரு பக்கம், உங்கள் வடிகட்டி கெடுவது இன்னொரு பக்கம். புத்தகம் பற்றிப் பேசும் மடலை ஸ்பாம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, நாளைக்குப் புத்தகம் பற்றி நண்பர் எழுதினால் அது முழிக்கும்.

கேள்வி: 'அன்சப்ஸ்க்ரைப்' அழுத்தினால் இன்னும் அதிகமாக வரும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: யார் அனுப்பியது என்பதைப் பொறுத்தது. நீங்கள் என்றோ பொருள் வாங்கிய, கணக்கு தொடங்கிய இடம் என்றால் தைரியமாக அழுத்துங்கள், நிற்கும். மெயிலுக்கு மேலே ஜிமெயிலோ அவுட்லுக்கோ தானே காட்டும் விலகல் பட்டன் இருந்தால் இன்னும் நல்லது. பெயரே கேள்விப்படாத ஆள், இரத்தினக் கம்பளம் முதல் ரோபோ வரை விற்கிறான் என்றால் உள்ளே இருக்கும் எந்த இணைப்பையும் தொடாதீர்கள். அங்கே அழுத்துவது, இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. படங்களைத் தானாக இறக்கும் வசதியை அணைத்து வைப்பதும் அதற்காகத்தான், படம் இறங்கினாலே நீங்கள் திறந்தது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: ஸ்பாம் அனுப்புகிறவனின் முகவரியை உடனுக்குடன் பிளாக் செய்கிறேன். 300-க்கு மேல் ஆகிவிட்டது. குறைந்த மாதிரி தெரியவில்லை.

பதில்: குறையாது. அந்த 300-உம் ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறிந்த முகவரிகள், பாதி வேறு யாருடையவோ. தெரிந்த ஆள் ஒருவர் தொல்லை செய்தால் பிளாக் நல்ல ஆயுதம், ஸ்பாமுக்கு ஸ்பாம் பட்டன்தான்.

கேள்வி: நான் பயன்படுத்தும் வடிகட்டியில் குப்பையைத் 'திருப்பி அனுப்பு' என்று ஒரு வசதி இருக்கிறது. இப்படி ஒரு முகவரியே இல்லை என்று பதில் போகுமாம், அவன் என்னைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவானாம். நல்ல யோசனையாகத்தானே இருக்கிறது?

பதில்: கேட்க இனிமையாக இருக்கிறது, செய்யாதீர்கள். அனுப்புநர் இடத்தில் உள்ளது திருட்டு முகவரி என்றால் உங்கள் பதில் யாருக்குப் போகும்? ஒன்றும் அறியாத யாரோ ஒருவருக்கு. அவர் நிலையிலிருந்து பாருங்கள், காலையில் மெயிலைத் திறந்தால் தான் அனுப்பாத கடிதங்களுக்கு 'முகவரி இல்லை' என்று நூற்றுக்கணக்கில் பதில். இந்த வாசகர்களில் ஒருவருக்கு இது நடந்து, தன் கணக்கு போய்விட்டது என்று நினைத்து இரவெல்லாம் பாஸ்வேர்ட் மாற்றிக்கொண்டிருந்தாராம். 2003 வாக்கில் இதே மாதிரி இன்னொரு முறை பிரபலமாக இருந்தது, தெரியாதவர் மெயில் அனுப்பினால் 'நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்' என்று ஒரு பதில் தானாகப் போகும். அதிலும் பெரும்பாலான பதில்கள் தவறான ஆளுக்குத்தான் போயின, தவிர டிக்கெட் பதிவு செய்யும் தானியங்கி எந்திரம் தான் மனிதர் என்று எப்படி நிரூபிக்கும், உங்கள் டிக்கெட் அங்கேயே நிற்கும்.

கேள்வி: சுருக்கமாகச் சொல்லுங்கள், காசு கொடுத்து எதை வாங்கலாம்?

பதில்: பெரிய மெயில் சேவை எதிலாவது இருந்தால் எதையும் வாங்க வேண்டாம். அவர்கள் கோடிக்கணக்கான கணக்குகளில் ஒரே நேரத்தில் பார்ப்பதை உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருள் ஒன்று தனியாகப் பார்க்க முடியாது. மேலும் சர்வரில் ஒரு வடிகட்டி, வைரஸ் தடுப்பானில் ஒன்று, மெயில் புரோகிராமில் இன்னொன்று என்று மூன்றை அடுக்கி வைத்திருப்பவர்கள் எழுதிய கடிதங்கள்தான் இந்த முறை ரொம்ப நீளம், ஒரு மெயில் காணாமல் போனால் எந்த ஃபோல்டரில் தேடுவது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. சொந்த டொமைன், சின்ன ஹோஸ்டிங் (வாடகை சர்வர்) என்றால் கதை வேறு, அங்கே ஸ்பாம் அசாஸினோ அதே வேலையைச் செய்யும் ஆர்ஸ்பாம்டியோ ஓடுகிறதா என்று கேளுங்கள், இரண்டும் இலவசம்தான். எனக்குப் பிடித்தது என்று கேட்டால், இப்போது யாரும் பயன்படுத்தாத ஸ்பாம்பேயஸ் என்ற வடிகட்டி. நல்லது, குப்பை, தெரியவில்லை என்று மூன்றாகப் பிரிக்கும். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லும் மென்பொருளை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்க்கவில்லை.

கேள்வி: ஸ்பாம் எப்போதுதான் ஒழியும்?

பதில்: 2004 ஜனவரியில் பில் கேட்ஸ் இரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும் என்றார். நான் தேதி சொல்வதாக இல்லை.

கேள்வி: நான்கு மாதமாக என் ஸ்பாம் ஃபோல்டரில் ஒன்றுகூட இல்லை. தம்பி வந்தபோது இரண்டு விதி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான், ஸ்பாம் என்று குறி விழுந்ததை உடனே அழி என்று ஒன்று, தலைப்பில் 'ஆஃபர்' என்று இருந்தால் அழி என்று ஒன்று. நிம்மதியாக இருக்கிறேன். மற்ற வாசகர்களுக்கும் சொல்லுங்கள்.

பதில்: சொல்ல மாட்டேன். காலியாக இருப்பதற்குக் காரணம் குப்பை வரவில்லை என்பது அல்ல, வந்ததை யாரும் பார்ப்பதற்குள் கொளுத்திவிடுகிறீர்கள். முதல் விதியை இப்போதே எடுங்கள், ஸ்பாம் ஃபோல்டரில் கிடந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. இரண்டாவது விதி இன்னும் ஆபத்து. கடை விளம்பரத்தில் மட்டுமா ஆஃபர் வரும்? வேலை கிடைத்தவர்களுக்கு வரும் கடிதத்தின் தலைப்பிலும் 'ஆஃபர் லெட்டர்' என்றுதான் இருக்கும். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், மகள் மூன்று இடத்தில் நேர்முகத் தேர்வு முடித்துவிட்டு பதிலுக்காகக் காத்திருக்கிறாள், ஒருவரும் எழுதவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அவள் கொடுத்தது எந்த முகவரி?